நிறுத்தி வைத்த மாத்திரை

"நான் எழுதின மாத்திரையை நிறுத்த உங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?"

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

சின்ன சிஸ்டர் நோயாளிப் பெரியவரின் கட்டிலோரம் நின்றாள். "காலையில பெரியவருக்கு பிரஷர் தொண்ணூறுதான் இருந்துச்சு டாக்டர். இன்னும் குறைக்கிற மாத்திரையைக் கொடுக்க பயமா இருந்துச்சு. மூணு தடவை போன் பண்ணேன். ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க."

"அப்ப நீங்களே வைத்தியம் பாருங்க. நான் எதுக்கு?"

விருட்டென்று போய்விட்டார்.

எதிர்க் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்த கண்ணாடி சிஸ்டர் இந்தப் பக்கம் திரும்பாமல் அடுத்த கட்டிலுக்குப் போனாள். யாருக்கு லீவு என்ற தகராறில் அவளுக்கும் சின்ன சிஸ்டருக்கும் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

பதினோரு மணிக்கு வார்டு ஆயா சின்ன சிஸ்டரின் காதைக் கடித்தாள்.

"கண்ணாடி சிஸ்டர் என்னவோ ரெண்டு பக்கம் எழுதிக்கிட்டு மேட்ரன் ரூமுக்குப் போகுது. பெரியவரோட கேஸ் ஷீட்டும் கையில இருக்கு."

"போட்டுக் கொடுக்கட்டும் ஆயா. சொன்னதை மட்டும் செய்யணும்னா ஒரு மெஷினை வாங்கி வெச்சுக்கலாமே. வெறுத்துப்போச்சு."

சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து, வேறு வார்டு கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். மூன்று மணிக்கு மேட்ரன் கூப்பிட்டனுப்ப, கையோடு அதையும் கொண்டுபோனாள்.

மேட்ரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இதை அப்புறம் பேசலாம். முதல்ல இதைப் படிங்க."

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட உத்தரவு. பிரஷர் நூறுக்குக் கீழே இருந்தால் அந்த மாத்திரையை நிறுத்தி வைக்க நர்ஸே முடிவெடுக்கலாம். டாக்டருக்குத் தகவல் சொன்னால் போதும்.

இரண்டு தடவை படித்தாள்.

"நான் கேட்கவே இல்லையே மேடம்."

"கேட்டது வேற ஆளு. பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுற வரைக்கும் அவர் ரூம் வாசலை விட்டு நகரலை."

மேட்ரன் இன்னொரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

கண்ணாடி சிஸ்டரின் குண்டு எழுத்து. கடைசி வரி இப்படி இருந்தது:

'அந்த இடத்தில் நான் இருந்தாலும் மாத்திரையை நிறுத்தித்தான் இருப்பேன். அந்த சிஸ்டரிடம் விளக்கம் கேட்பதாக இருந்தால், என்னிடமும் சேர்த்துக் கேளுங்கள்.'