மூன்று முறை அழைத்தும்

அவர் நீதிமன்ற அறையின் வாசலுக்கு வந்து மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"சுடலைவடிவு."

முதல் எழுத்து வெறும் காற்றாகப் போனது. மீதி கரகரத்து, பாதியில் கீச்சென்று உடைந்தது.

வராந்தாவில் நூறு பேராவது இருப்பார்கள். மின்சாரம் போயிருந்தது. மாடிப்படிக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் முறை உதடுதான் அசைந்தது.

முப்பத்தொரு வருடமாக நீதிமன்ற வாசலில் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. அவர் குரல் கேட்டு, எதிர்ச்சாரி டீக்கடையில் இருப்பவர்கள் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வந்த காலம் உண்டு.

போன ஆடியில் தொண்டை டாக்டரிடம் போனார். வயதில் குரல் நாண்கள் மெலிந்துவிட்டன, இரண்டும் சரியாக ஒட்டவில்லை, நடுவே காற்று கசிகிறது என்றார் டாக்டர். அலுவலகத்தில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம்.

உள்ளே போனார். ஆள் இல்லை என்று தலையசைத்தார்.

நீதிபதி அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடித்தார். மனைவி மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை. ஆறு வயது மகள் இனி தந்தையின் பொறுப்பில்.

முன்னால் நின்ற கணவன் கைகூப்பினான்.

அடுத்த பெயரைக் கூப்பிட அவர் வெளியே வந்தபோது ஒரு பெண் எதிரே வந்து நின்றாள். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, சுடலைவடிவுன்னு எப்பக் கூப்பிடுவீங்க? ஒம்பது மணிக்கே வந்துட்டேன்."

ஜெனரேட்டர் பக்கத்துப் பெஞ்சில்தான் இருந்தாளாம். வக்கீல் மேல்மாடிக் கோர்ட்டில் இருக்கிறாராம். கூப்பிட்டதும் ஓடிவந்து சொல்லச் சொன்னாராம்.

பிள்ளையின் ஒரு கால் செருப்பு கழன்று, பெருவிரலில் தொங்கியது.

அவர் உள்ளே நடந்தார். யாரும் கேட்காமல் நீதிபதியின் மேடைக்கு முன்னால் அவர் பேசியதே இல்லை.

"அம்மா, அந்தப் பொண்ணு வெளியதான் இருக்கு. நான் கூப்பிட்டது கேக்கல."

நீதிபதி முன்னால் குனிந்து, மறுபடி சொல்லச் சொன்னார். இவர் மறுபடி சொன்னார்.

கணவனின் வக்கீல் எழுந்து, உத்தரவு சொல்லியாகிவிட்டது என்றார். கையெழுத்து இன்னும் போடவில்லை என்றார் நீதிபதி. பிறகு இவரைப் பார்த்து, ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லையா என்று கேட்டார்.

ஆமாம் என்றால் போதும். அந்தப் பெண்ணுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

போன வாரமும் ஒரு பெயருக்கு ஆள் இல்லை என்று தலையசைத்திருந்தார். அதற்கு முந்தின வாரம் இரண்டு பெயர்களுக்கு. அன்றெல்லாம் ஜெனரேட்டர் ஓடவில்லை.

"இல்லம்மா. எனக்குத் தொண்டை போயிட்டு."

"எத்தனை நாளா?"

தட்டச்சரின் கை நின்றது.

"ஆடி வந்தா ஒரு வருசம்."

கடைசி வரிசையில், கட்சிக்காரர் ஆஜராகவில்லை என்று போன மாதம் வழக்கில் தோற்ற ஒரு வக்கீல் எழுந்து நின்றார்.

பிறகு இன்னொருவர்.