நேரில் வந்தால்தான்

"கண்ணாடி பார்க்கவே பிடிக்காதா உங்களுக்கு?" என்று கேட்டார் தோல் டாக்டர்.

"தினமும் பார்ப்பேன். தலை வாரணுமே," என்றாள் பஸ் கண்டக்டர்.

டாக்டர் அவள் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பருக்கள் போய்ப் பல வருடம் ஆகியும் அவை விட்டுப்போன பள்ளங்கள் போகவில்லை. லேசர் வைத்துச் சரிசெய்யலாம். தனியாரிடம் போனால் அவள் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அரசுச் செலவில் கிடைத்தால்தான் உண்டு. அது இந்த டாக்டர் சொல்வதைப் பொறுத்தது.

"மத்தவங்க பார்ப்பாங்களேன்னு வெளியே போகாம இருந்ததுண்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க நெரிசலில் நிற்கும் வேலை. வெறித்துப் பார்ப்பவர்களிடம், டிக்கெட் கையில்தான் இருக்கிறது, கன்னத்தில் இல்லை என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவாள்.

"எதுக்குப் போகாம இருக்கணும்? நான் என்ன திருடினேனா?"

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த பெண், உள்ளே போனதும் கொஞ்சம் அழுது வை, அப்போதுதான் கிடைக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அழுகையாவது மண்ணாவது.

டாக்டர் பேனாவை மூடினார். "நல்லா சமாளிக்கிறீங்க. அதனால உங்களுக்குக் கிடையாது. அழகுக்காகன்னா அரசு செலவு பண்ணாது. முகத்தால வீட்டுக்குள்ளயே முடங்கிக் கிடக்கிறவங்களுக்குத்தான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

சொன்னார்.

"அப்ப என் தம்பிக்கு உண்டு."

அவனுக்காக முன்பு வந்தபோதெல்லாம், நோயாளி நேரில் வந்தால்தான் என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்த முறை தன் பெயரிலேயே சீட்டு வாங்கினாள். அதே பரு, அதே பள்ளம். அக்காவின் வாய் மட்டும் தம்பிக்கு வரவில்லை. காலேஜை விட்டுவிட்டு அறைக்குள் போனவன், சாப்பாட்டுத் தட்டை வாங்க மட்டும்தான் கதவைத் திறக்கிறான்.

"அவரை நேர்ல கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்."

"வந்தா, வெளியே வர்றானே, முடங்கிக் கிடக்கலையேன்னு சொல்வீங்க. வரலன்னா, வரலையேன்னு சொல்வீங்க. அவன் என்னதான் டாக்டர் பண்ணுவான்?"

டாக்டர் மணியை அழுத்தினார். அடுத்த நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வீட்டு விலாசம் சொல்றேன், எழுதிக்கோங்க."