ஜட்ஜுக்கு எத்தனை ஏக்கர்?

வெள்ளைச் சட்டைக்காரன் இன்றைக்கும் மணல் கண்டிராக்டரின் ஜீப்பிலிருந்துதான் இறங்கினான். சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஹனுமவ்வா கையைக்கூடக் கழுவவில்லை. ஒரு பிடி மிளகாய்ப்பொடியை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அதே ஆளுதான்டி," என்றாள் பக்கத்து வீட்டுப் பசவ்வா, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து. "கண்டிராக்டர் வண்டியில வர்றவன் கற்கண்டா கொண்டு வருவான்?"

"வரட்டும். கண்ணுல தூவிட்டுத்தான் மறுவேல."

முன்பு வந்தபோதெல்லாம் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "அவ்வா, ஒங்க பேர்ல நெலம் இருக்கா?" அவளும் மேலே பேச விடாமல், இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஓடைக்கரையில் அவளுக்கு இரண்டு ஏக்கர் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் மணல் அள்ளுகிறவனின் ஜீப்பில் வந்து கேட்பவனிடம் யாராவது உண்மையைச் சொல்வார்களா?

சந்தேகம் சும்மா வரவில்லை. கோயில் ஜாத்திரையில் நடந்த கல்வீச்சில் போலீஸ் இரண்டு பையன்களைப் பிடித்தது. ஒருவன் அவள் மகன் துருகப்பா, மற்றவன் கண்டிராக்டர் மகன் அமரேஷ். இருவரையும் ஒரே வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரே ஜட்ஜ் முன்னால் நிறுத்தினார்கள்.

ஜட்ஜ் கோர்ட்டு பாஷையில் ஏதோ சொன்னார், குமாஸ்தா எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். மறுநாள் கண்டிராக்டரின் தம்பி நிலத்துக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது அமரேஷ் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாலை, பட்டாசு எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகு ஊரில் பருத்தி விதைத்து, பறித்து, விற்றும் ஆயிற்று. துருகப்பா மட்டும் இன்னும் உள்ளேயே கிடக்கிறான்.

ஊருக்கு இதுகூடப் புரியாதா? "ஜட்ஜுக்கு நாலு ஏக்கர் எழுதிக் குடுத்துட்டாங்க," என்றது டீக்கடை. "அதுவும் கால்வாய்த் தண்ணி பாயுற நெலம்," என்றது மாவு மில். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

சர்க்கார் கொடுத்த வக்கீல்கூட ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டே, "நெலம் கிலம் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். இவரும் கூட்டுக் களவாணிதான் என்று முடிவு கட்டினாள் ஹனுமவ்வா. அதோடு அவர் இருக்கும் திசைக்கே போவதில்லை.

ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தபோது, "ஜட்ஜ் என்ன சொன்னாருன்னே வெளங்கல அவ்வா," என்று மகன் கம்பிக்குப் பின்னாலிருந்து அழுதான். பாதியாக இளைத்திருந்தான். அந்த முகம் அவளைச் சாப்பிட விடவில்லை, தூங்கவும் விடவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரன் வாசலில் வந்து நின்றான்.

"வாங்க சௌகாரரே! கண்டிராக்டர் எவ்ளோ தர்றாரு ஒங்களுக்கு?"

"அவரு எனக்கு எதுக்குத் தரணும்? ஊருக்குள்ள பஸ் வர்றதில்ல, ரோட்டுல கை காட்டினேன், ஏத்திக்கிட்டாங்க. நான் கோர்ட்டுல இலவச சட்ட உதவி ஆபீசு ஆளு. ஜெயில்ல ஒங்க பையனப் பாத்துட்டுத்தான் வர்றேன்."

"கோர்ட்டு ஆளா!" பசவ்வா சுவருக்கு அப்பால் கைகொட்டிச் சிரித்தாள். "அப்ப ஜட்ஜே நேரா ஆள் அனுப்பிட்டாருடி. தரகுக் காசு மிச்சம் ஒனக்கு."

அவனுக்கும் பொறுமை போய்விட்டது. "இனிமே நெலம் இல்லன்னு சொல்லாதீங்க அவ்வா. தாலுகா ஆபீஸ்ல கேட்டுட்டேன், ஓடைக்கரையில ரெண்டு ஏக்கர் ஒங்க பேர்லதான் இருக்கு. பெத்த புள்ள ஜெயில்ல கெடக்குது, நீங்க நெலத்தைப் பொத்திப் பொத்தி வைக்கிறீங்க. நல்ல தாய்தான்!"

அந்தச் சொல் அவளைச் சுட்டது. முந்தானையில் முடிந்த மிளகாய்ப்பொடி ஞாபகத்துக்கே வரவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனவள், சோளப் பானைக்கு அடியிலிருந்து நிலத்துக் காகிதத்தை எடுத்து வந்து அவன் காலடியில் எறிந்தாள். புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான்.

"எடுத்துக்கோ! கண்டிராக்டர் குடுத்த நாலு ஏக்கர் ஒங்க ஜட்ஜுக்குப் பத்தலன்னா இதையும் தின்னச் சொல்லு. எங்க கைநாட்டு வைக்கணும், காட்டு. எனக்கு என் மகன் வீட்டுக்கு வந்தாப் போதும்."

மாவு அப்பிய கட்டைவிரலை நீட்டியபடி நின்றாள். பசவ்வாவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவன் அவளையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து காகிதத்தை எடுத்து, தூசி தட்டி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"இதை யாரும் எடுத்துக்க மாட்டாங்க அவ்வா. 'என் மகன் எங்கயும் ஓட மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு'ன்னு சொல்லி, கோர்ட்டுல காட்டிட்டு நீங்களே கொண்டு வந்துடலாம். கண்டிராக்டர் தம்பியும் அதைத்தான் செஞ்சாரு."

ஹனுமவ்வாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அப்ப ஜட்ஜு? கண்டிராக்டர் புள்ளைய விட்டவரு என் புள்ளைய மட்டும் ஏன் விடல?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கக் கூசினான்.

"ரெண்டு பேருக்கும் அன்னிக்கே ஜாமீன் குடுத்துட்டாரு, அவ்வா."