எரிந்து முடிந்த கரி

சாண எரிவாயுத் தொட்டிக்குள் விழுந்த கரித்துண்டை நுண்ணுயிர்கள் கடித்துப் பார்த்துத் துப்பின.

“மன்னியுங்கள், நான் ஏற்கெனவே எரிந்து முடிந்தவன்,” என்றது கரி.

“சரி, ஓரமாகக் கிட. இன்றும் அடுப்பு எரியாவிட்டால் தொட்டியையே மூடிவிடுவார்கள்,” என்று அலுத்துக்கொண்டு, சாணத்தைச் செரிக்கும்போது மெல்லிய மின்சாரம் கசியவிடும் உயிர் ஒன்று அதன்மேல் சாய்ந்தது.

கரியின் மறுமுனையில் இருந்த, வாயு ஆக்கும் உயிர் துள்ளியது. “யாரப்பா மின்சாரம் அனுப்பியது? வாயு ஆக்க இதற்குத்தானே காத்துக் கிடந்தேன்!”

கரி பதறியது. “என்மேல் சாய்ந்திருப்பவர் தந்தது, என் வழியாக வந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை!”

“ஒன்றும் செய்யாதே சாமி, அப்படியே இரு. உனக்குப் புண்ணியமாகப் போகும்!”

செரிக்கும் கூட்டமும் வாயு ஆக்கும் கூட்டமும் அதன்மேல் நெருக்கியடித்து உட்கார்ந்தன. மேலே அடுப்பு நீலமாகப் பற்றிக்கொண்டது.

கரி விழுந்த பிறகே அடுப்பு எரிந்ததை வீட்டார் கவனித்திருக்க வேண்டும்; மறுநாள் ஒரு கூடைக் கரி வந்து விழுந்தது.

“பயப்படாதீர்கள்,” என்றது பழைய கரி. “முதலில் கடிப்பார்கள். ஆனால் தங்கமானவர்கள். எனக்கு இருக்க இடமும் கொடுத்து, நன்றியும் சொன்னார்கள்.”