மாடி வீட்டுக் குழாய்

கண்ணால் பார்த்து, காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் சதுரங்கப்பட்டினம் வரலாம். மொட்டைமாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க்கைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன்.

அந்த டேங்க் அன்றைக்கும் காலை ஒன்பது மணிக்கே காலி. வீட்டுக்காரி சாரதாம்பாள் மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடிப்படிக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மேலே குடியிருக்கும் ஹரிப்ரியாவின் பாத்ரூமில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக.

எதிர்வீட்டு ரெபேக்காள் சும்மா இருப்பாளா?

"இன்னாக்கா இது, ஏழு மாசக்காரி இம்மா நேரமா குளிக்கிறா? வெளிய வந்தா தலைமுடி காஞ்சிதான் கீது. உள்ள யார்கிட்டயாவது போன் பேசிகினு கீறாளோ இன்னாவோ. புருசங்காரனுக்கும் நைட் ஷிப்டு."

சாரதாம்பாள் உள்ளே போய், காலண்டரில் அன்றைய தேதிமேல் ஒரு கோடு போட்டாள். குழாய் ஓடுகிற நாளுக்கெல்லாம் கோடு. போன வருஷத்துக் காலண்டரைக்கூடத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தாள்.

போன வாரம் ஹரிப்ரியாவுக்கு வளைகாப்பு. சாரதாம்பாள் மாடியேறிப் பழத்தட்டை வாசலிலேயே நீட்டிவிட்டு, ஒரு வளையல்கூடப் போடாமல் இறங்கி வந்துவிட்டாள். தண்ணீர்க் கோபம் என்று தெருவே பேசிக்கொண்டது.

இரண்டு காலண்டரையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு அவள் படியேறும்போது, ஹரிப்ரியாவின் கணவன் ராகவன் படூர் கம்பெனி வேனிலிருந்து இறங்கினான். பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"தண்ணி விஷயந்தானேம்மா? நான் சொல்லிடறேன். டெலிவரி வரைக்குமாவது எங்கள இருக்க விடுங்க."

"நீ கம்முனு வா."

கதவைத் தட்டினாள். பின்னாலேயே ஏறிய நான் படியில் நின்றுகொண்டேன். குழாய் நின்றது. ஹரிப்ரியா வந்து திறந்தாள், கண்ணிரண்டும் சிவப்பு.

நிலத்தகராறுக்குப் பத்திரம் விரிப்பதுபோல் சாரதாம்பாள் காலண்டர்களைத் தரையில் விரித்தாள்.

"இத பாரு. நீ குடிவந்த புதுசுல, மாசாமாசம் தூரமாவறதுக்கு முன்னாடி ஒரு வாரந்தான் குழா ஓடும். அந்த வாரம் சோறு துன்னமாட்ட, புருசன்மேல எரிஞ்சி வுழுவ. தூரமானா குழாயும் நின்னு பூடும். இப்போ நீ உண்டாகி ஏழு மாசம். தெனம் ஓடுது. தண்ணி சத்தத்துல ஒளிஞ்சிகினு அழுவுற, அதான?"

"டாக்டர் எல்லாம் நார்மல்னாங்களேம்மா!" என்றான் ராகவன்.

"அவங்க வவுத்தப் பாத்தாங்க. நீ பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தியா?"

ஹரிப்ரியா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கு மட்டும் எதுவுமே பிடிக்கல. இந்தக் குழந்தையே வேணாம்னு தோணுது. வேற எந்த அம்மாவுக்காவது இப்படி இருக்குமா? வெளிய சொன்னா பைத்தியம்பாங்க. நான் எந்த டாக்டர்கிட்டயும் வரமாட்டேன்."

சாரதாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடி போடி. மூணு பெத்தவ நானு. மூணு வாட்டியும் இதே கூத்துதான். பெரியவன் வவுத்துல இருந்தப்போ கெணறே வத்திப் போச்சி. அப்பால செங்கல்பட்டுல ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். ஒக்கார வெச்சிப் பேசினாங்க, மாத்திரை குட்தாங்க, செரியா பூட்ச்சி. மூணும் இன்னிக்கு எரும மாரி வளந்து நிக்குதுங்க."

ஹரிப்ரியா முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "மூணுக்குமா?"

"மூணுக்கும். எழுந்து பொடவைய மாத்து, பஸ்சுக்கு நேரமாச்சி."

கால் மணி நேரத்தில் மூன்று பேரும் தெருமுனையில் நின்றார்கள். டாக்டருக்குக் காட்டச் சாரதாம்பாள் அக்குளில் காலண்டர். நான் வெளிக்கதவைச் சாத்திவிட்டு, மோட்டாரை நிறுத்தினேன்.

எனக்கும் சாரதாம்பாளுக்கும் கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம். பிள்ளை கிடையாது.