ஊசி தேடிப் போன இருவாச்சி

மழைக்காட்டின் ஓரத்தில், எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட ஒரு பைன் மரம் தனியாக நின்றது. இருவாச்சிப் பறவையைக் கண்டாலே அதற்கு அழுகை முட்டும்.

"பூப்பூக்கிற மரமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி உலகம் முழுக்கப் பூக்காத எங்க இனம்தானாம். இந்தக் காட்டுல ஒருத்தராவது மிஞ்சியிருக்காங்களான்னு பாருங்களேன், அண்ணே. எங்க ஆளுன்னா இலை ஊசியா இருக்கும்."

இருவாச்சி காடு முழுக்க அலைந்தது. பள்ளத்தில் தேடியது, மேட்டில் தேடியது. எங்கும் அகன்ற இலைகள்தான். களைத்துப்போய், தினமும் இளைப்பாறும் நிரம்பாலி மரத்தில் வந்து உட்கார்ந்து புலம்பியது.

நிரம்பாலி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அட, நான்தானப்பா அந்த ஆளு!"

"கதை விடாதக்கா. உன் இலை மாவிலை மாதிரி இருக்கு."

"இந்த இருட்டுக்குள்ள வெயில் சொட்டுச் சொட்டாத்தான் இறங்குது. ஊசியை நீட்டிக்கிட்டு நின்னா வயிறு நிறையுமா? அதான் இலையை அகலமாக்கிக்கிட்டேன். ஒரு இலையைக் கொண்டுபோய் வெளிச்சத்துல காட்டு."

இருவாச்சி பைன் மரத்துக்கு முன்னால் இலையை வெயிலுக்கு நேரே பிடித்தது. பைன் உற்றுப் பார்த்தது. இலையில் நடுநரம்பே இல்லை. காம்பிலிருந்து நுனிவரை மெல்லிய கோடுகள்தான் ஓடின, ஊசிகளை நெருக்கமாகப் படுக்கவைத்தது போல.

காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் பைன் தலைகால் புரியாமல் ஆடியது. "பெரியம்மா!" என்று காட்டைப் பார்த்துக் கூவியது.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "வாடா கண்ணு! வர்றதுக்கு இவ்வளவு நேரமா?"