ஒரே கம்பெனிதானே

கணினியை வேகமாக்க நினைத்தவன் பழைய பிராசஸரைக் கழற்றிவிட்டுப் புதியதை மதர்போர்டின் மேல் வைத்தான்.

"எந்திரி! இது உன் இடமில்ல, என் ஊசியெல்லாம் வளைஞ்சிடும்" என்று கத்தியது மதர்போர்டு.

"நாம ஒரே கம்பெனிதானே? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"வளைஞ்சா நிமிராதுடா! உன்னை வாங்குறதுக்கு முன்னாடி என் மாடலை அவன் பார்த்திருக்க வேணாமா?"

"உன்னை எதுக்குப் பார்க்கணும்? அவனுக்கு வேண்டியது நான்."

பிராசஸர் உட்காராததால் எரிச்சலடைந்தவன் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினான். மெல்லிய ஊசிகள் மடங்கின. கணினி உயிர் பெறவில்லை. பழையதைத் திரும்ப வைத்தும் பயனில்லை.

"போர்டு சரியில்லை" என்று அவன் அதைக் குப்பைக்கூடையில் எறிந்தான்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றது புதிய பிராசஸர், ஒரு கீறலும் படாமல் தன் பெட்டிக்குள் படுத்தபடி.